வாய் பார்க்கும் வேலை

முதல் நாளே கம்பவுண்டர் சொல்லிவிட்டார்: "மாத்திரையை முழுங்கினதும் வாயைத் தொறக்கச் சொல்லு. நாக்குக்கு அடியில பாரு. அவ்வளவுதான் உன் உத்தியோகம்."

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அம்மாபேட்டைத் தறிப் பட்டறையில் கொஞ்ச நாள், திருச்செங்கோட்டில் மாட்டுவண்டியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, யுத்த சமயத்தில் கொல்லிமலை அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒட்டிக்கொண்டேன்.

ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதும், மலேரியாக் காய்ச்சலுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த கசப்பு மருந்தான கொய்னா வரத்து நின்றது. விலை எகிறியது. சர்க்கார் கண்ட்ரோல் விலை வைத்தது. அதன் பிறகு கடைகளில் விலைப் பலகை இருந்தது, மாத்திரை இல்லை. பின்வாசலில் மட்டும் கிடைத்தது. அதனால் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப்போய் விற்றுவிடக் கூடாது என்று, காய்ச்சல்காரர் நேரில் வந்து எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என உத்தரவு.

ஒரு நாள் நல்லம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். வெயிலில் நடந்துவந்த உடம்பு சுட்டது. கம்பவுண்டர் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுத்தார். தண்ணீர் குடித்தாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"கன்னத்துல என்னம்மா?" என்று கேட்டேன்.

"வெத்தலைங்க."

"வெத்தலைக்குக் கண்ணுல தண்ணி வருமா?"

உள்ளங்கையில் துப்பினாள். பாதி கரைந்த மாத்திரை.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க சாமி. ஊட்டுக்காரரு நாலு நாளா எந்திரிக்கல. நாலு மைலு தூக்கியார ஆளில்லீங்க. நேத்தும் இப்படித்தான் கொண்டுபோனேன். வெளிய போயி எடுக்கறதுக்குள்ள கரைஞ்சு போச்சு."

"கூத்துல சேந்திருந்தா பேரெடுத்திருப்பே," என்றார் கம்பவுண்டர். "வர முடியாதவனுக்குக் கொடுக்க எனக்கு உத்தரவு இல்லை. போம்மா."

நான் நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'விழுங்கினார்' என்று எழுதினேன். புது மாத்திரை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் அவள் ஊருக்கு நடந்தேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கிப் பிடித்து விழுங்க வைத்தேன். தினமும் இப்படியே ஒன்று கொண்டுபோனேன். ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

திரும்பும்போது எதிர்வீட்டுக்காரி மறித்தாள். "ஏனுங்க, இந்த ஒரு ஊடுதான் உங்க கண்ணுக்குத் தெரியுதா? எங்க ஊட்டுல ரெண்டு பேரு கெடக்கறாங்க, வந்து பாருங்க."

பார்த்தேன். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். என் பையில் ஒன்றுமில்லை.

அந்த வாரமே உத்தரவு எப்படி நடக்கிறதென்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

"பிரமாதமா நடக்குதுங்க. ஒரு மாத்திரை வெளியே போகலை," என்றார் கம்பவுண்டர்.

"போச்சுங்க. நான்தான் கொண்டுபோனேன்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டர் என்னை முறைத்தார்.

"உன்னை வேலையில வெச்சுக்க முடியாதப்பா," என்றார் அதிகாரி. பிறகு பேனாவை எடுத்தார். "அந்த ஊர் பேரு என்ன?"

நான் நாமக்கல்லில் மூட்டை தூக்கப் போய்விட்டேன். அடுத்த மாதம், கம்பவுண்டரே மாத்திரை டப்பாவோடு வண்டியில் ஊர் ஊராகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஓர் உத்தரவு நல்லதா கெட்டதா என்று விசாரிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: வரிசையில் நிற்பவனை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அவன் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டவன்.