லைம் சோடாவில் இரண்டு வாய்

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வெளியே கிளம்பினால் என் தோழி முதலில் பார்ப்பது எங்கள் செருப்பைத்தான். உடை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், உதட்டுச் சாயம் எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம், அதிலெல்லாம் அவள் தலையிட மாட்டாள். "இதப் போட்டுட்டு ஓட முடியுமா?" என்று மட்டும் கேட்பாள். முடியாது என்றால் மாற்றிக்கொண்டு வரும்வரை டாக்சியில் ஏற விடமாட்டாள். குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்றை ஆசையாக வாங்கினேன். அது இன்றும் பெட்டியில் புத்தம் புதிதாக இருக்கிறது. அதற்காக அவளை மனதுக்குள் நன்றாகவே திட்டியிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் வேலை செய்கிறோம். ஏலத்துக்கு வரும் தூளைக் காய்ச்சி, ருசி பார்த்து, இன்ன விலை பெறும் என்று சொல்கிற இடம். அவள் ருசி பார்ப்பவள். நான் அவள் பின்னாலேயே நடந்து, அவள் சொல்வதைக் கணினியில் ஏற்றுகிறவள். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கரண்டியில் எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவாள். நானும் சும்மா வரமாட்டேன், என் கரண்டியும் கூடவே போகும். அந்த அறையில் எந்தக் கோப்பையும் யாருக்கும் சொந்தமில்லை. எச்சில் கிச்சில் என்று முகம் சுளிப்பவர்களுக்கு அங்கே வேலையும் இல்லை.

எங்கள் தொழிலில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரு கோப்பையில் ருசி கெட்டிருந்தால் ஊரில் எல்லோரும் அதைத் தள்ளி வைப்பார்கள். நாங்கள் இன்னொரு வாய் எடுப்போம். புகை வாடையா, பூஞ்சையா, இலை அதிகமாகப் புளித்துவிட்டதா என்று கண்டுபிடித்தாக வேண்டுமே.

மாதம் ஒரு தடவையாவது ஊட்டிக்கோ, இங்கே பக்கத்தில் உள்ள ஹோட்டலுக்கோ போவது எங்கள் வழக்கம். பாட்டு இருக்க வேண்டும், ஆட இடம் இருக்க வேண்டும், ஒரு கிளாஸ் வைன் இருந்தால் நல்லது. போகிறவர்களில் ஒருத்தி அன்றைக்கு 'டியூட்டி'. டியூட்டியில் இருப்பவள் குடிக்க மாட்டாள். எல்லோருடைய கிளாஸும் அவள் கண்ணில் இருக்கும். யாராவது வெளியே போனால் அவள் கூடப் போவாள். திரும்பி வரும் டாக்சியும் அவள் பொறுப்பு. இதை ஆரம்பித்து வைத்தது என் தோழிதான். "ஹாஸ்டல் வார்டன் வேலைக்கு எழுதிப் போடு, உடனே கிடைக்கும்" என்று அவளைக் கேலி செய்தது நான்தான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. டியூட்டி இல்லாத நாட்களில் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் ஆடுகிறவளும் அவள்தான். பக்கத்தில் ஜெகதளா கிராமத்தில் இருக்கும் அவள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். மறைத்துவிட்டுப் போவதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். போகிற இடம் வீட்டுக்குத் தெரிந்தால்தான் தேடிவர முடியும் என்பாள். நான் என் அம்மாவிடம் ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போகிற ரகம்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேர் போனோம். மூன்றாவது, எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த கூடலூர்ப் பெண். கோப்பைகளில் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி வைக்கிற வேலை அவளுக்கு. எங்களைச் சேச்சி சேச்சி என்று அழைப்பாள். ஊட்டியில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் பார், அதை ஒட்டி ஆடும் இடம். சீசன் கூட்டம். சமவெளியிலிருந்து வந்தவர்கள் கடைத்தெருவில் அப்போதுதான் வாங்கிய ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். என் தோழிக்கு டியூட்டி. எனக்கு ஒரு கிளாஸ் வைன். புதுப் பெண்ணுக்கு உப்புப் போட்ட லைம் சோடா. அவள் குடிக்கிறவள் இல்லை.

பாட்டு உச்சத்தில் இருந்தபோது புதுப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். என் தோழியும் கூடவே எழுந்தாள்.

"கிளாசப் பாத்துக்க புள்ள" என்றாள் என்னிடம்.

"தூக்கிட்டா ஓடப் போகுது?" என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேரில் ஒருவன் என் பக்கம் குனிந்து, போன் சார்ஜர் இருக்குமா என்று கேட்டான். மரியாதையான ஆள், சிரித்த முகம். பைக்குள் தேடினேன். இல்லை என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு வாய் சும்மா இல்லாமல் புதுப் பெண்ணின் லைம் சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தேன். எங்கள் ஆபீசில் யாரும் யாரையும் கேட்டுவிட்டுக் குடிப்பதில்லை.

உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு. எலுமிச்சை விதை அரைபட்டால் வரும் கசப்பு போலவும் இருந்தது, அதில்லை போலவும் இருந்தது. உடனே தள்ளி வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இன்னொரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, இது என்ன கசப்பு என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே விழுங்கியும் விட்டேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் இன்னும் வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தேன். என் தோழி உட்காரக்கூட இல்லை.

"என்னது அது?"

"லைம் சோடா கசக்குது. என்ன கசப்புன்னு தெரியல."

அவள் கிளாஸை எடுத்து முகர்ந்தாள். ருசி பார்க்கவில்லை. நாள் முழுவதும் ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள், அந்தக் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "எத்தன வாய் குடிச்ச?" என்றாள். இரண்டு என்றேன். சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து கிளாஸை மூடினாள். புதுப் பெண்ணிடம், "இது உன் கைய விட்டுப் போகக் கூடாது. யார் கேட்டாலும் குடுக்காத" என்றாள். என்னிடம், "எந்திரி, கிளம்பறோம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வைன் பாதிதான் குடித்திருந்தேன். அடுத்த பாட்டு எனக்குப் பிடித்த பாட்டு. சண்டை போடுவதற்காகத்தான் எழுந்தேன். எழுந்ததும் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில் இருக்கிறது, மீதியைப் புதுப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் தோழி என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். அந்தச் சிரித்த முகக்காரனும் அவன் கூட்டாளியும் எங்களுக்கு முன்னாலேயே வாசலில் நின்றார்கள். காவலுக்கு நின்ற அம்மாளிடம், "எங்க கூட வந்தவங்கதான், கொஞ்சம் அதிகமாயிடுச்சு, எங்க வண்டியிலயே விட்டுர்றோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மாளும் பாவம், கைத்தாங்கலாக என் இன்னொரு தோளைப் பிடித்து அவர்கள் காரைப் பார்த்துத் திருப்பினார். அவன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

என் தோழி கத்தவில்லை. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "சித்த நில்லுங்க" என்றாள் அந்த அம்மாளிடம். பிறகு அவனைப் பார்த்து, "இவ பேரென்னங்க?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான்.

"உங்க கூட வந்தவதானுங்களே. பேரச் சொல்லுங்க, ஏத்தி விடறேன்."

அவன் கூட்டாளியைப் பார்த்தான். உதவி செய்ய வந்தால் இப்படியா பேசுவது என்று ஏதோ சொன்னான். "உதவிதானுங்களே, நல்லதுங்க. அப்ப இங்கயே இருங்க, போலீசு வந்ததும் சேந்து பேசிக்கலாம்" என்றாள். காவல்கார அம்மாள் என் தோளை இறுகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது, பிறகு அது போகும் சத்தம். புதுப் பெண் ஒரு கையில் தட்டு மூடிய கிளாஸும் மறு கையில் போனுமாக அந்தக் காரைப் படம் எடுத்துவிட்டாள்.

எங்கள் டாக்சி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஊட்டியிலேயே காந்தல் பகுதியைச் சேர்ந்த ஓட்டுநர். நாங்கள் எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவோம். பின் சீட்டில் படுக்கப் போன என்னை என் தோழி உட்கார வைத்தாள். "ஊட்டுக்குப் போலாம்டி, தூங்கினா சரியாயிரும்" என்றேன். உண்மையில் எனக்கு உயிர்ப் பயத்தைவிட அம்மா பயம்தான் அதிகமாக இருந்தது. ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

"அண்ணா, குன்னூருக்கு வேண்டாங்க. பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க" என்றாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும்."

மூடுபனியில் வண்டி மெதுவாகத்தான் போக முடிந்தது. என் தலை சரிந்துகொண்டே இருந்தது. அவள் என் கன்னத்தைத் தட்டித் தட்டி மேனேஜர் கதையைக் கேட்டாள். எங்கள் மேனேஜர் கல்யாண நாளை மறந்துவிட்டு, மனைவிக்கு ஆபீஸ் சாம்பிள் தேயிலைப் பொட்டலத்தைக் காகிதம் சுற்றிக் கொடுத்த கதை. அவளுக்குத் தெரிந்த கதைதான். "அப்புறம் அந்தம்மா என்ன சொன்னாங்க? சொல்லு புள்ள. பிரிச்சுப் பாத்தாங்களா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டே வந்தாள். நாக்கு தடித்துப் போய், வார்த்தை குழறக் குழற நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கதை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். "குடிச்சிருக்காங்களா?" என்று அவர் கேட்ட தோரணையிலேயே எல்லாம் இருந்தது. நானாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவள் தயங்காமல் சொன்னாள்: அரை கிளாஸ் வைன், இரண்டு வாய் லைம் சோடா, அந்த லைம் சோடா இதோ. எப்போது குடித்தேன், கால் எப்போது தடுமாறியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எதுவும் விடாமல் சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் வேகமாகத்தான் வேலை செய்தார். நர்ஸ் என் கையில் ஊசி குத்திக்கொண்டே, "பொம்பளப் புள்ளைங்க இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் எதுக்குப் போறீங்க?" என்றார்.

"டான்ஸ் ஆடத்தானுங்க" என்றாள் என் தோழி.

அந்த மயக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது, இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் யோசிக்காதவர்கள். யோசிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, செருப்பைப் பார்த்துவிட்டு, ஆடப் போகிறவள்.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். கிளாஸையும் காரின் படத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் மருந்து கலந்தது அந்த இருவர்தானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அவள் என் அம்மாவுக்குப் போன் செய்தாள். நடந்ததை நடந்தபடி சொல்லி, காலை முதல் பஸ்ஸில் வந்தால் போதும், உயிருக்கு ஒன்றும் இல்லை, நான் கூடவே இருக்கிறேன் என்றாள். அம்மா போனிலேயே அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். நீதான் கூட்டிக்கொண்டு போய்க் கெடுத்தாய் என்பது வரை எனக்குக் கேட்டது. "சரிங்க... ஆமாங்க..." என்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அந்த வாரம் அவளை வற்புறுத்திக் கூப்பிட்டது நான் என்பதை அவள் சொல்லவே இல்லை.

தலை கொஞ்சம் தெளிந்தபோது ஜன்னலில் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. புதுப் பெண் வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபத்து நீங்கிவிட்டது, தூங்கவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் கதவைத் தாண்டியதும் என் தோழி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"தள்ளிப் படு" என்று சொல்லி, என் பக்கத்தில் ஏறிப் படுத்தாள்.

"இனிமே போகவே வேண்டாம்டி" என்றேன். "நீ சொல்றதெல்லாம் கேக்கறேன். ஊட்லயே இருப்போம்."

"போவோம்" என்றாள். "அடுத்த மாசமும் போவோம். இப்பச் சித்த நேரம் நான் அழுதுக்கறேன். நீ ஒண்ணும் பேசாத."

பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக அழுதாள். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. மறு கையால் அவளைப் பிடித்துக்கொண்டேன்.