பதினேழாவது கேள்வி

பளிச்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபது வருடமாகத் துப்புரவு வேலை பார்க்கிறவள் அவள். மூன்றாவது மாடியும் நான்காவது மாடியும் அவள் பொறுப்பு. அங்கே உள்ள கழிப்பறைகளில் நின்று தலை சீவிக்கொள்ளலாம், தரையே கண்ணாடி என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசி, அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது ஒட்டியதுதான். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவளுடைய உண்மைப் பெயர் வழங்கவில்லை.

நாற்பத்து நான்கு வயதில் அவள் மறுபடி படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் ஞானத் தேடல் ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் வேலை காலியாக இருந்தது. அதற்குப் பத்தாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ் வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள், மொழிப்பாடம், கணக்கு, சமூகம் என்று ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித் தாண்டினாள். அறிவியல் மட்டும் இரண்டு முறை அவளைக் குப்புறத் தள்ளியது. மூன்றாவது முறையும் விழுந்தால் மானம் போய்விடும் என்று டியூஷன் வைத்துக்கொண்டாள்.

டீச்சர், மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். வயது இருபத்தைந்து இருக்கும். சனிக்கிழமை மதியம் கடைக்கு மேலே இருக்கும் அறையில் மருந்துப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுச் சொல்லிக் கொடுப்பாள். அவள் இவளை அக்கா என்பாள். இவள் அவளை டீச்சர் என்பாள், அதுவும் எழுந்து நின்று. பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு வயது கிடையாது என்பது பளிச்சுவின் கொள்கை.

படிக்கிற புத்தகம் நெட்டையக்கா கொடுத்தது. நெட்டையக்கா ஒரு காலத்தில் பளிச்சுவோடு அதே கட்டடத்தில் வேலை செய்தவள். ஸ்டூல் போடாமலே ஜன்னலின் மேல்கட்டையைத் துடைப்பாள், அவ்வளவு உயரம். பதினோரு வருடத்துக்கு முன்னால் மூச்சிழைப்பு வந்து வேலையை விட்டாள். இப்போது தரைத்தளத்து வீடொன்றில் இருந்துகொண்டு திரைச்சீலை தைக்கிறாள். மாடிப்படி அவளுக்கு ஆகாது. "எங்கப்பாவும் இப்படித்தான் இருமி இருமியே போனார். அவர் எனக்கு விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான், பத்திரமா வெச்சிருக்கேன்" என்று இன்ஹேலரை எடுத்துக் காட்டிச் சிரிப்பாள். தேர்வு எழுதச் சொல்லிப் பிடித்துத் தள்ளியதும் அவள்தான். "நீ மேற்பார்வையாளர் ஆனா அந்தக் கட்டடமே உருப்படும்டி" என்று மகளின் பழைய அறிவியல் புத்தகத்தை எடுத்துத் தந்தாள். ஓரங்களில் பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெண் குச்சி மனிதன் ஒருவனை வரைந்திருந்தது. பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அவன் ஓடுவான்.

அமிலமும் காரமும் பாடம் வந்த அன்று டீச்சருக்கு ஒரே உற்சாகம்.

"அக்கா, இந்தப் பாடம் உங்களுக்கு அல்வா மாதிரி. மாதிரித் தாள்ல பதினேழாவது கேள்வி பாருங்க. ப்ளீச்சிங் திரவத்தையும் அமிலம் இருக்கிற கழிப்பறைத் திரவத்தையும் ஏன் ஒண்ணாக் கலக்கக் கூடாது? ரெண்டு மார்க். உங்க தொழில்ல இருக்கிறதுதானே!"

"ஏன் டீச்சர், கலந்தா என்ன ஆகும்?"

"குளோரின் வாயு வரும். மூடின ரூம்ல அதைச் சுவாசிச்சா நுரையீரல் புண்ணாயிடும். சில பேருக்கு ஆயுசு பூரா இழைப்பு நின்னுடும்."

பளிச்சு பேனாவைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். அதற்குமேல் டீச்சர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

அந்தப் பளபளப்பின் ரகசியமே அதுதான். அந்தக் காலத்தில் சாமான் அறையில் பெரிய கேன்களில் திரவம் வரும். ஆளாளுக்குப் பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொள்வார்கள். பாட்டிலில் சீட்டும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. ஒன்று இவ்வளவு வெளுக்கிறதே, இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பாக வெளுக்காதா என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நாள் வாளியில் கலந்து ஊற்றினாள். கண் எரிந்தது. கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஊற்றிவிட்டு, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் ஊற விட்டுப் போய்க் கழுவிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் பளிச்சு ஆகிவிடுவார்களே!

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கிப் போயிருந்தது. நான்காவது மாடிக் கழிப்பறையில் கலவையை ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்தவளை நெட்டையக்கா பார்த்தாள். "நீ போய் உட்காருடி. மிச்சத்தை நான் தேய்ச்சு விட்டுடறேன்" என்றாள். பளிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பொறுக்கா, இப்போ உள்ளே போகாதே என்று. சொன்னால் ரகசியம் போய்விடும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

பத்து நிமிடத்தில் நெட்டையக்காவை நடைபாதையில் உட்கார வைத்து விசிறினார்கள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றபோது பளிச்சு உள்ளே ஓடி, ஜன்னலைத் திறந்து, நாலு வாளித் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவினாள். அப்புறம் டாக்டர், பரம்பரையில் யாருக்காவது இழைப்பு உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு உண்டு என்றாள் நெட்டையக்கா. கதை அதோடு முடிந்தது.

கலந்தால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று பளிச்சு டியூஷன் முடிந்து பஸ்ஸில் வரும்போது தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தெரியாமல் செய்தது பாவமா? சரிதான். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்த நெஞ்சு வேறொன்று கேட்டது. தெரியாது என்றால், அந்த நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட நீ ஏன் கலக்கவில்லை? பதினோரு வருடமாகப் பளபளப்பு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, பெயர் காப்பாற்றியது.

கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எதையும் பாதியில் நின்றுபோன லிஃப்டைப் போலத்தான் பார்ப்பார். உள்ளே இருக்கிறவர் கத்தாதவரை அவசரமில்லை.

"கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையா இருக்கே! நீ பரீட்சைக்குப் படிக்கப் போனியா, பழசைக் கிளறப் போனியா? அந்தம்மா நிம்மதியா இருக்காங்க. போய்ச் சொல்லி என்ன கிடைக்கப் போகுது?"

"நிம்மதியா இருக்கிறது அவங்க இல்லைங்க. நான்."

"இப்போ நீயும் இல்லை. போதுமா?" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் அதே மாதிரித் தாளில் தேர்வு. மூன்றிலும் தேறுகிற மதிப்பெண் வந்தது. மூன்றிலும் பதினேழாவது கேள்வி காலியாக இருந்தது. டீச்சர் பாவம், தான்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப விளக்கினாள். படம் போட்டாள். வாளி வரைந்தாள். வாளியிலிருந்து புகை வரைந்தாள். புகைக்குப் பக்கத்தில் இருமுகிற ஆள் ஒன்றையும் வரைந்தாள். அந்த ஆளை வேண்டுமென்றா அவ்வளவு உயரமாக வரைந்தாள், பலகையில் இடம் இருந்தது, வரைந்துவிட்டாள்.

"எங்கே புரியலைன்னு சொல்லுங்கக்கா. உங்களுக்கு வராத கேள்வி இல்லையே இது."

"புரியுது டீச்சர். புரிஞ்சதனாலதான் எழுத முடியலை."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். எழுந்து நிற்க மறந்து, பெட்டிமேல் உட்கார்ந்தபடியே அழுதாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நான் டாக்டர் இல்லைக்கா. இதனாலதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அவங்க டாக்டருக்கு இது தெரியணும். பரம்பரைன்னு நினைச்சு ஒண்ணு செய்வாங்க, இதுன்னா வேற செய்வாங்க. நீங்க சொல்லலைன்னா யாரு சொல்லுவா? அந்த ரூம்ல என்ன இருந்துச்சுன்னு உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்."

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து நேராக நெட்டையக்கா வீட்டுக்குப் போனாள். பையில் புத்தகம் இருந்தது. நெட்டையக்கா மெஷினில் நீலத் திரைச்சீலை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். மகள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாடி மேற்பார்வையாளரே! முகம் ஏன் இப்படி வெந்துபோய்க் கிடக்கு? பரீட்சைப் பயமா?"

பளிச்சு உட்காரவில்லை. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு வாசலோடு போய்விட்டது. வாளி, கலவை, சாத்திய கதவு, பல்வலி, பிடித்துக்கொண்டு நின்ற கன்னம், அப்புறம் விட்ட நாலு வாளித் தண்ணீர் என்று முன்பின்னாகச் சொல்லி முடித்தாள். மெஷின் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

"தெரிஞ்சா செஞ்ச?" என்றாள் நெட்டையக்கா.

"இல்லைக்கா. ஆனா... அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் கலக்கலை."

நெட்டையக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ உனக்கு அன்னிக்கே சந்தேகம்."

"ஆமாக்கா."

நெட்டையக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பளிச்சு காலில் விழுந்திருப்பாள், ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். அவள் இன்ஹேலரைக் கையில் எடுத்து, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா செத்துப் போன அப்பாவைத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள். "அவருக்கு பீடிப் பழக்கம். பீடியினால இருமினவரைப் பரம்பரைன்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்." பிறகு தலையைத் திருப்பாமலே மூலையைக் காட்டினாள். "இவளைப் பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிட்டாங்க. நாலு வருஷமா. ஒவ்வொரு தடவையும் வேணாம்னு சீட்டு அனுப்பினேன். நாளைக்கு உனக்கும் இது வரும், மூச்சை வீணாக்காதேன்னு."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. பளிச்சுவுக்கு ஓரத்தில் ஓடும் குச்சி மனிதன் நினைவுக்கு வந்தான். தான் ஒருத்தியின் மூச்சைத்தான் கெடுத்தோம் என்று எண்ணிக்கொண்டு வந்தவளுக்கு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். நீயும் வா. உன் வாயால சொல்லு" என்றாள் நெட்டையக்கா. "அந்தப் பாடம் எங்கே இருக்கு? காட்டு."

பளிச்சு புத்தகத்தை விரித்துக் கொடுத்தாள். மாதிரித் தாளையும் உள்ளே மடித்து வைத்திருந்தாள். நெட்டையக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். பளிச்சு அந்த மூச்சைக் கேட்டபடி நின்றாள். படித்து முடித்ததும் விரல் பதினேழாவது கேள்வியில் வந்து நின்றது.

"இதுக்கு எத்தனை மார்க்?"

"ரெண்டுக்கா."

நெட்டையக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டுதானா?" என்றாள்.