லின்ஸி ஹாப்வுட் முன்கூட்டியே நிரப்பிய கட்டங்கள்

லின்ஸி ஹாப்வுட் எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்தபோது, மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், "புள்ளைய எப்போ திருப்பித் தருவாங்க?" என்று கேட்டாள். நான் அங்கே பயிற்சி வக்கீலாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு இருபத்தாறு வயது. இங்கிலாந்தின் பர்ன்லியில், நான் வளர்ந்தது போன்ற ஒரு தொழிலாளர் தெருவில் பிறந்து, பதினாறில் பள்ளியை விட்டு, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனவள். கிரெய்க்கோடு மூன்று வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தாள். கிரெய்க்குக் கிடங்கில் வேலை போனதும், குழந்தை டோபிக்கு நான்கு மாதம் முடிவதற்குள் அவள் வேலைக்குத் திரும்பினாள். ஐந்தாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை டோபியின் இடது தொடை எலும்பு முறிந்தது. புரளக்கூடத் தெரியாத குழந்தை தானாகத் தொடையை முறித்துக்கொள்ளாது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். சமூக நலத்துறை குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அன்று காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து எடை பார்த்த தாதி, குழந்தை இரண்டு காலையும் உதைத்ததைக் குறித்திருந்தாள். மாலை ஆறு மணிக்கு அவன் மருத்துவமனையில் இருந்தான். இடைப்பட்ட நேரத்தில் கிரெய்க் வீட்டில் இருந்தான். லின்ஸி பதினொன்றிலிருந்து ஐந்து வரை தொழிற்சாலையில்; அவள் கிளம்பும்போது குழந்தை நன்றாக இருந்தான், திரும்பியபோது வலியில் கத்திக்கொண்டிருந்தான் என்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள். நடுவே மதியம் ஒரு மணிக்கு நாற்பது நிமிட இடைவேளை. வீடு நான்கு நிமிட நடை.

குடும்ப நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. யார் செய்திருக்க அதிக வாய்ப்பு என்று ஒரே நீதிபதி தீர்மானிப்பார். இருவரில் யார் என்று பிரிக்க முடியாவிட்டால் இருவரும் சந்தேக வட்டத்திலேயே நிற்பார்கள். டோபி வேறு யாருக்கோ தத்துப் போய்விடுவான்.

அவளுக்கு எதிராக இருந்தது ஒரு தாள். டோபிக்கு எடை ஏறவில்லை என்று தாதி கொடுத்த பாலூட்டும் அட்டவணை. செவ்வாய், மதியம் ஒரு மணி: 'அம்மா, 150 மில்லி.' போலீஸிடமும் அவள் அப்படியே சொல்லியிருந்தாள். "அவ வந்து பால் குடுத்தா, நான் சிகரெட் வாங்கப் போனேன், திரும்பி வந்தா புள்ள கத்துது" என்று கிரெய்க் சொன்னதற்கு அந்தத் தாள்தான் துணை.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்கு வாரம், ஒரு கட்டம் காலியில்லை, எல்லாமே நூற்றைம்பது. என் வீட்டில் யாரும் எந்தப் படிவத்தையும் இவ்வளவு அழகாக நிரப்பியதில்லை. செவ்வாய்க்கிழமை வரிசையின் கடைசிக்கு வந்தபோது திடுக்கிட்டேன். இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும்: 'அம்மா, 150 மில்லி.' அப்போது டோபி மருத்துவமனையில் கட்டுப் போட்டுக் கிடந்தான்.

அவளை வரவழைத்துத் தாளை நீட்டினேன்.

"என்ன லின்ஸி, உங்க பையன் மிலிட்டரியா? மணி அடிச்சாப்ல குடிச்சிருக்கான்?"

அவள் சிரித்தாள். என் விரல் நின்ற கட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"காலைல வேலைக்குக் கிளம்பறப்பவே நாள் முழுக்க எழுதிடுவேன், கண்ணு. ஒரு கட்டம் காலியா இருந்தா அந்தத் தாதி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா, மேல எழுதிப்போடுவேம்பா. கிரெய்க்க எழுதச் சொன்னா, 'நான் என்ன உன் குமாஸ்தாவா?'ம்பான்."

"அப்போ அன்னிக்கு மத்தியானம்?"

"வீட்டுக்குப் போகல."

"போலீஸ்கிட்ட போனேன்னு சொன்னீங்களே?"

"தாள் அவங்க கையில இருந்துச்சு. தாள்ல இருக்கறதச் சொன்னேன்."

"எங்க இருந்தீங்க?"

"கால்வாய்க்கரை பெஞ்சுல. அழுகைச் சத்தம் இல்லாம நாப்பது நிமிஷம் வேணும்போல இருந்துச்சு. அதச் சொல்லிட்டு எந்த மூஞ்சியோட புள்ளையக் கேப்பேன்?"

யாரும் அவளை அங்கே பார்க்கவில்லை. தப்பிக்கும் வழியை நானே காட்டிக்கொடுத்த பிறகுதான் அந்தப் பெஞ்சு வந்தது என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. படித்துவிட்டதால் என் தெருக்காரர்களையே மற்றவர்களைப் போல எடைபோடப் பழகிவிட்டேனா, அல்லது அந்தத் தெருவை அறிந்ததால்தான் சந்தேகப்படுகிறேனா? எனக்கே விளங்கவில்லை.

சாட்சிக் கூண்டில், கட்டங்களை முன்கூட்டி நிரப்பியதையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் அவள் சொன்னாள். கிரெய்க்கின் வக்கீல் விடவில்லை.

"உங்களை நல்ல அம்மாவாக் காட்டி, அந்தத் தாள் சாதகமா இருந்தவரைக்கும் நெசம். இப்ப பொய். அப்படித்தானே?"

"பசியில கெடக்கற புள்ளைய விட்டுட்டுப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்னு இத்தனை பேர் முன்னால சொல்றேன். இதுல எனக்கு என்ன சார் சாதகம்?"

அடுத்து கிரெய்க். நாள் முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை என்று மருத்துவமனையில் அவன் சொன்னதை எங்கள் வக்கீல் படித்துக் காட்டினார். "அப்ப பதட்டத்துல இருந்தேன்" என்றான்.

நீதிபதி இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பை வாசித்தார். ஒன்றில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய் சொன்னார் என்று கொள்ள முடியாது; வெட்கத்தாலும் பயத்தாலும் மனிதர்கள் பொய் சொல்வதுண்டு. இரவுக் கட்டங்களே அந்த அட்டவணை முன்கூட்டி எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி. மதியம் தாய் வீட்டுக்கு வரவில்லை என்பதே அதிகம் நம்பத்தக்கது. காயம் தந்தையின் கையால் நேர்ந்தது. டோபி படிப்படியாகத் தாயிடம் திரும்பலாம்.

வெளியே வராந்தாவில் லின்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நம்பினியா, கண்ணு?"

"நீதிபதி நம்பிட்டாரே."

"அது எனக்கும்தான் காதுல விழுந்துச்சு. உன்னக் கேட்டேன்."

"தெரியல" என்றேன்.

அவள் கையை விட்டாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. டோபியின் சமூகப் பணியாளர் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஓடினாள்.

"மேடம், வியாழக்கிழமை அவனப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

"போலாம்மா. முதல் சில வாரம் நானும் கூட வருவேன்."

"வாங்க, வாங்க. பத்தடி தள்ளி வந்தீங்கன்னா, பாக்கறவங்களுக்கு நீங்க யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."