மாலை போட்ட பெட்டி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். பாம்பைக் கண்டால் ஓடத் தெரியும், மூடிய கதவைக் கண்டால் கால் நகராது. இப்படிப்பட்டவள்தான் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு கம்பெனியில், ஆட்களை உள்ளே வைத்து மூடும் இரும்புப் பெட்டிகளுக்கு வயர் இழுக்கும் வேலை செய்கிறேன். எல்லாம் தலையெழுத்து.

பெட்டி எதற்கென்று சொல்கிறேன். ஆழமான சுரங்கத்தில் தீப்பிடித்தால் மேலே ஏறி வர நேரம் இருக்காது, புகை முந்திக்கொள்ளும். அப்போது பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டு, மீட்க ஆள் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர், நாம் விடும் மூச்சைச் சுத்தம் செய்யும் சுண்ணாம்புத் தூள், தண்ணீர், பெஞ்சு, குளிரூட்ட ஒரு ஏர்கோன். அந்த ஏர்கோன் சொகுசுக்காக வைத்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவன் என் தம்பி. வெளிநாட்டில் ஒரு தங்கச் சுரங்கத்தில், தரைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றைக் குளிரவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறான். அந்த ஆழத்தில் பாறையே சுடுமாம். மேலிருந்து குளிர்ந்த காற்றைப் பெரிய குழாய்களில் இறக்கிக்கொண்டே இருக்காவிட்டால் மனிதன் நின்று வேலை செய்ய முடியாதாம். எங்கள் கம்பெனியின் புது மாடல் பெட்டி அடுத்து அங்கேதான் போகிறது என்று அவன் சொன்ன நாளிலிருந்து, ஒவ்வொரு வயரையும் மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விட மாட்டேன்.

அந்தப் புது மாடலுக்கு ஆள் வைத்து டெஸ்ட் செய்ய வேண்டும் என்றார் எங்கள் சீன சூப்பர்வைசர். மனித உடம்பின் சூடும் வியர்வையும் சேர்ந்தால்தான் ஏர்கோன் தாங்குமா என்று தெரியுமாம். அதாவது எங்கள் வேலை, சும்மா உட்கார்ந்து சூடாக இருப்பது. நான் செத்தாலும் கை தூக்கியிருக்க மாட்டேன். ஆனால் தம்பி போனில் கெஞ்சினான்.

“நீ உக்காந்து பாருக்கா. நீ பாத்தன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்.”

டெஸ்ட் அன்று காலை, எங்களோடு வெல்டிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் பெட்டிக்குப் பூசை போட்டார். புதுப் பெட்டி எது வந்தாலும் அவர் விட மாட்டார். “உசுரக் காப்பாத்தப் போற சாமான், சும்மா உள்ள போலாமா?” என்று தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், பெரிய செவ்வந்தி மாலை ஒன்றைப் பின்பக்கம் மாட்டினார். திருநீறு பூசிக்கொண்டு உள்ளே போனோம். நான் கொஞ்சம் அதிகமாகவே பூசிக்கொண்டேன்.

கதவு அடைபட்ட சத்தத்தில் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு குளிர்க்காற்று வந்தது. பக்கத்தில் அண்ணன், “ஓசி ஏர்கோன் தங்கச்சி, வீட்டுலகூட இப்படி இல்ல லா,” என்று எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் தைரியம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. ஈப்போ மழை, இரும்புக் கூரை மேல் கல் கொட்டுவதுபோல இருந்தது. அந்த இரைச்சலில் ஏர்கோன் நின்றது யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பிடரி வியர்த்துத்தான் தெரிந்தது. வாக்கி டாக்கியில் சொன்னதும் சூப்பர்வைசர், “துங்கு செக்கெஜாப், துங்கு செக்கெஜாப்,” என்று பொறுக்கச் சொன்னார். கதவைத் திறந்தால் டெஸ்ட் கெட்டுவிடும் என்றார்.

பொறுத்தோம். வியர்வையைத் துடைத்தால் மறுபடி நனைந்தது, காயவே இல்லை. எல்லார் மூச்சும் ஈரமாகிச் சுவரில் வழிந்தது. சுண்ணாம்புத் தூளும் வேலை செய்யச் செய்யத் தன் பங்குக்குச் சூட்டைக் கக்கியது. ஆக்சிஜனுக்கு ஒரு குறையும் இல்லை. இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு ஆக்சிஜன் இருந்து என்ன பயன்?

அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் என்னை உலுக்கியது. இழவு வீட்டில்கூட வாய் மூடாத மனிதர் அவர்.

“அண்ணே, ஏதாவது பேசுங்கண்ணே.”

“தல சுத்துது தங்கச்சி.”

முகம் வெளுத்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். கதவு திறந்தது. மழைக்குள் ஓடி, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்தேன். வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

பின்பக்கம் போய்ப் பார்த்த சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாலையின் நூல் கம்பி வலைக்குள் நழுவி ஏர்கோன் விசிறியைச் சுற்றி இறுக்கியிருந்தது. தகடெல்லாம் செவ்வந்தி இதழ்.

“மால போட வேற எடமே கெடைக்கலையா அண்ணே?” என்று கத்தினேன். கொஞ்சம் தெளிந்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சாமிக்குப் போட்டது தங்கச்சி,” என்றார். “ஒங்க சாமிக்கு ஃபேன் எதுன்னு தெரியாது லா! இனிமே பூவுங்கிற பேச்சே இங்க வரக்கூடாது!” பயம் இன்னும் போகவில்லை, அதைக் கோபமாக்கி அவர் மேல் கொட்டினேன்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதே தம்பி கூப்பிட்டான்.

“எப்படிக்கா? ஜில்லுன்னு இருந்துச்சா?”

எல்லாவற்றையும் சொன்னேன். மாலைக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, கதவத் தெறந்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்.”

சிரிப்பு நின்றது.

“நல்ல வேளக்கா,” என்றான். “ஒங்களுக்கு வெளிய மழ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரங்கத்தில் தீப்பிடித்து அவன் பெட்டிக்குள் இருக்கும்போது ஏர்கோன் நின்றால் கதவைத் திறக்க முடியாது. வெளியே புகை நிற்கும். அண்ணனையே ஊமையாக்கிய அந்த வெக்கையில் அவன் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

“சரிக்கா, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. கீழ போறேன்.”

“போறேன்னு சொல்லாதடா! போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“என்னக்கா நீ, மால போட்டவரப் போயி அந்தத் திட்டு திட்டிட்டு...”

“சொல்லுடா.”

“போயிட்டு வாரேன்க்கா.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.