வேல்விழி வீட்டுப் பால்காய்ப்பு

எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மொய் எழுதுவது நான்தான். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். பேர் கோமதிநாயகம், தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும், கூட்டல் தப்பாது. இந்த வேலையில் ஒரே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நூற்றியொரு ரூபாய் எழுதிவிட்டு நாலு வடையைத் தின்றுவிட்டு, சட்னி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு போகிறவனை ஒரு வார்த்தை கேட்க முடியாது. அப்படிப்பட்டவர்களின் பேர் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

வேல்விழி எனக்கு எதிர்வீடு. அவள் வீட்டை ஒட்டியே இருக்கும் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறாள். தறியில் ஓடுகிற நூலைக் கட்டையில் சுற்றிக் கொடுக்கிற வேலை. நாளைக்கு முந்நூற்றைம்பது ரூபாய் கிடைக்கும். ஆனால் அவளுடைய உண்மையான உத்தியோகம் அதுவல்ல. எட்டுக் கடனை ஒன்றுக்கொன்று தெரியாமல் வைத்துக் காப்பாற்றுவதுதான் அவள் உத்தியோகம். அதற்குச் சம்பளம் கிடையாது.

எங்கள் பஸ் ஸ்டாண்டில்கூட அப்படி நேரம் பார்த்து வண்டி வராது. திங்கள் காலை ஒன்பதரைக்கு மகளிர் குழுக் கடன். அதை வசூல் செய்ய ப்ரியதர்ஷினி என்ற பெண் ஸ்கூட்டியில் வருவாள். செவ்வாய் மாலை தண்டல்காரன் துரைப்பாண்டி. புதன், பிரிட்ஜுக்குத் தவணை. வியாழன், வேறொரு குழு. சனிக்கிழமை, தவணைக்குத் துணி கொடுக்கும் முகம்மது இஸ்மாயில். மற்ற இரண்டு பேரை மாதத்துக்கு ஒருநாள் என்று சந்துபொந்தில் செருகி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. வெள்ளியன்று வீட்டிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிடுவாள். வசூல்காரர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தானே, ஒத்துக்கொண்டார்கள். இஸ்மாயில் பாய்க்கு வெள்ளி ஜும்மா, அதனால் அவரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் மூலகாரணம் அவள் புருஷன் பேச்சிராஜா. நல்லவன், குடிக்க மாட்டான், ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்புவான். கரிவலம்வந்தநல்லூரில் ஒருவன் சொன்னான் என்று பழைய லோடு ஆட்டோ ஒன்றைக் கடனுக்கு வாங்கினான். நாலாம் மாதம் இன்ஜின் போய்விட்டது. வண்டியை எடைக்குப் போட்டான், கடன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது வேறொருவர் ஆட்டோவைக் கூலிக்கு ஓட்டுகிறான். ஒரு கடனை அடைக்க வேல்விழி இன்னொன்று வாங்கினாள், அதை அடைக்க இன்னொன்று. மொத்தம் எவ்வளவு என்று அவன் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

எட்டாவது கடன்தான் உயிரை எடுத்தது. ஃபைனான்ஸ் நடத்தும் ஆவுடையப்பனிடம் வீட்டுப் பத்திரம் இருந்தது. வட்டியோடு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஆவணி பதினாறு, திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் வீட்டைக் கிரயம் செய்து கொடுத்துவிடுவதாக ஒரு தாளில் பேச்சிராஜா கையெழுத்துப் போட்டிருந்தான். படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். அண்ணாச்சி பேனா கொடுத்தாரு, போட்டுட்டேன் என்றான்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த சமயத்தில், பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வேல்விழி என் கடைக்கு வந்தாள். பதினாறு வருஷமாக ஊரில் செய்த மொய் முழுவதும் அதில் இருந்தது.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க."

கூட்டினேன். இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். திரும்பி வந்தது ஒன்றுமில்லை. மகள் சடங்கு கொரோனா ஊரடங்கில் வந்தது, இருபது பேர் முகமூடி போட்டுக்கொண்டு வந்து ஆறாயிரம் எழுதினார்கள். அதோடு சரி.

"ஊர்ப்பட்ட வீட்டுல என் துட்டு கிடக்கு. ஒரு விசேஷம் வச்சா வீடு மீண்டுரும்" என்றாள்.

என்ன விசேஷம் வைப்பது? மகனுக்கு யாரையும் கூப்பிடாமல் கோயிலில் வைத்துக் காது குத்தி ஒன்பது வருஷமாகிறது. மகளுக்கு வயது பதினேழு, கல்யாணம் என்றால் மொய்க்கு முன்னால் போலீஸ் வரும். கடைசியில் பேச்சிராஜா ஒரு வழி கண்டுபிடித்தான். இடித்த தறிக்கூடம் ஒன்றிலிருந்து பழைய தகரம் மலிவாகக் கிடைத்தது. மொட்டை மாடியில் பத்துக்கு எட்டில் ஒரு செட்டுப் போட்டான். வேல்விழி அதற்குப் பால்காய்ப்பு வைத்தாள். புதுமனை புகுவிழா என்று பத்திரிகை அடித்து, மொய் செய்த வீடுகளில் ஒன்று விடாமல் வைத்தாள். வசூல்காரர்கள் ஏழு பேர் கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டாள். ஆவுடையப்பனுக்கு வைத்தாள், அவருக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் அடுப்பு எரியாது.

அந்த அளவில் எல்லாம் சரியாகத்தான் போனது. கெடுத்தது பேச்சிராஜா. பொண்டாட்டிக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, அவளிடம் சொல்லாமல் தெருமுனையில் ஒரு பிளக்ஸ் கட்டினான். பிளக்ஸ் கடையில் வீட்டுப் படம் ஒன்று தயாராக வைத்திருப்பார்கள். மூன்று மாடி, பால்கனி, வாசலில் வெள்ளைக் கார். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'வேல்விழி இல்லம் புதுமனை புகுவிழா, அனைவரும் வருக'.

அனைவரும் வந்தார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பால் பொங்கியது. செட்டுக்குள் நாலு பேருக்கு மேல் நிற்க முடியாது. படிக்குக் கைப்பிடி வேறு இல்லை. ஒரு குரூப் இறங்கினால்தான் அடுத்த குரூப் ஏறலாம். ஏறின சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், புது வீடு எங்கன இருக்கு என்று. நிக்கது அதுலதான் என்று பேச்சிராஜா பெருமையாகச் சொன்னான். சிரித்தார்கள், இட்லியும் கேசரியும் தின்றார்கள், ஆனால் மொய்யை ஒழுங்காக எழுதினார்கள். பத்திரிகை வந்தால் வாங்கினதைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், செட்டா பங்களாவா என்பது கணக்கில் வராது. எங்கள் ஊரை நான் எவ்வளவு திட்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்.

ஆவுடையப்பன் எட்டு மணிக்கு வந்தார். கூட ஒரு சஃபாரி சட்டைக்காரர். இரண்டு பேரும் மாடிக்குப் போகவில்லை. கீழ்வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், பின்வாசலை அடியால் அளந்தார்கள். விசேஷ வீட்டுக்கு வீடு வாங்குகிற ஆளையே கூட்டிவந்துவிட்டார் மனுஷன். போகும்போது நூற்றியொன்று எழுதினார். என் பேனா எழுத மறுத்தது, நான்தான் கட்டாயப்படுத்தினேன்.

ஒன்பது மணிக்குத் துரைப்பாண்டி நுழைந்தான். அவன் பின்னாலேயே ப்ரியதர்ஷினி. அப்புறம் பிரிட்ஜ்காரர், இஸ்மாயில் பாய், வரிசையாக ஏழு பேரும். எல்லோரும் பிளக்ஸைப் பார்த்திருக்கிறார்கள். மூணு மாடி கட்டுகிறவளுக்கு நம் பாக்கியைத் தர என்ன கேடு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வேல்விழியின் கையில் சாம்பார் வாளி இருந்தது. வாளியோடு நின்று ஏழு பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஆனாலும் வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? ஏழு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறினாள்.

பந்தியில்தான் குட்டு உடைந்தது.

"பாய், நீங்க எங்கன இங்க? சொந்தமா?" என்றான் துரைப்பாண்டி.

"தவணைக்குத் துணி குடுத்திருக்கேன். நீ?"

"நான் தண்டல்."

"நாங்க குழு" என்றாள் ப்ரியதர்ஷினி.

"நாங்களும் குழுதான்" என்றார் அடுத்த இலைக்காரர்.

கடைசி இலைவரை இது போய்த் திரும்பியது. சாப்பாடு அப்படியே நின்றது. விசேஷ வீட்டில் கடன் கேட்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் முன்னால் இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் மொய்ப் பணம் குவிந்திருந்தது. ஏழு பேரின் கண்ணும் அதிலேயே இருந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்து, கை கழுவிவிட்டுத் தாம்பாளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு அண்ணாச்சி வந்திருக்கு?" என்று துரைப்பாண்டி என்னிடம் கேட்டான்.

நான் வேல்விழியைப் பார்த்தேன். சொல்லுங்க என்றாள். ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம்.

"அக்கா, இன்னிக்கே ஆளுக்குக் கொஞ்சம் முடிச்சிரலாமே" என்று ப்ரியதர்ஷினி மெல்ல ஆரம்பித்தாள். "முதல்ல குடுத்தவன் நான்" என்றான் துரைப்பாண்டி. ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள்.

வேல்விழி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஏழு பேர் முகத்தையும் பார்த்து, தாள் இல்லாமல், வரிசையாகச் சொன்னாள். ஒரு ரூபாய் தப்பவில்லை. எட்டாவதாக ஆவுடையப்பன் கணக்கையும் நாளைக் கெடுவையும் சொன்னாள்.

"எல்லாம் சேத்து ஆறு லட்சத்து எண்பத்தி நாலாயிரம்."

மாடிப்படியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த பேச்சிராஜா தம்ளரைக் கீழே வைத்தான். "எவ்வளவுட்டி?" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேல் எனக்கு வருஷக்கணக்கில் கோபம் இருந்தது. அன்றைக்கு அது பாதியாகக் குறைந்தது.

"இந்தத் துட்டை இப்பமே பிரிச்சுக்கிடுங்க, நான் தடுக்கல" என்றாள் வேல்விழி. "ஆளுக்கு இருபத்தேழாயிரம் வரும். நாளைக்கு வீடு ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் போயிரும். செவ்வாக்கிழமை நான் மேலநீலிதநல்லூர்ல எங்க அம்மை வீட்டுல இருப்பேன். அங்கன தறி கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. மீதித் துட்டுக்கு நீங்க ஏழு பேரும் பஸ் ஏறி வாங்க, மோர் தாரேன். வீடு நின்னுதுன்னா பக்கத்துலயே தார் சுத்துவேன். வாரவாரம் நீங்க வாரதுக்கு ஒரு வாசல் இருக்கும். இதுவரைக்கும் என்னைக்காவது கதவைச் சாத்தியிருக்கனா?"

சாத்தினதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இஸ்மாயில் பாய்க்குத்தான் முதலில் புரிந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பத்திரத்தை மீட்க எவ்வளவு குறையுது வே?"

"பதினாறாயிரம்."

"வீடு போச்சுன்னா நம்ம எல்லாருக்கும் போச்சு" என்று மற்றவர்களிடம் சொன்னார். "நாயகம், எழுதும். முகம்மது இஸ்மாயில், ஐயாயிரத்து ஒண்ணு."

துரைப்பாண்டி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கடன் வசூலிக்க வந்த இடத்தில் மொய் எழுதுவது அவன் பரம்பரையிலேயே நடந்திருக்காது. வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டான். பிறகு டவுசர் பையிலிருந்து, அன்று காலை வேறு யார் யாரிடமோ வசூலித்த கட்டை எடுத்து, எண்ணும்போது என் முகத்தைப் பார்க்காமல் நாலாயிரத்து ஒன்று கொடுத்தான். ப்ரியதர்ஷினி கம்பெனிப் பணத்தைத் தொட முடியாது என்று சொல்லித் தன் கைப்பையிலிருந்து ஐநூற்றியொன்று வைத்தாள். அவள் சம்பளம் எனக்குத் தெரியும், அது பெரிய தொகை. மீதி நாலு பேரும் முனகிக்கொண்டே ஆறாயிரத்து ஐநூறு சேர்த்தார்கள். கடன் கொடுத்தவர்களே இன்னொரு கடன்காரனுக்குப் பணம் கட்டுகிற விசேஷம் ஒன்றுக்கு நான் மொய் எழுதியிருக்கிறேன். தேவைக்கு மேல் மூன்று ரூபாய் மிஞ்சியது.

வேல்விழி அப்போதுதான் அழுதாள். சாம்பார் வாளியைக் கீழே வைக்கப் போவதுபோல் குனிந்து, வாளி கையில் இல்லாததைக் கவனிக்காமல் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமை காலை அவர்கள் இருவரும் ஆவுடையப்பன் ஆபீசுக்குப் போனார்கள். சாட்சிக்கு நான். மொய்ப் பணம் என்பதால் முக்கால்வாசி ஐம்பதும் நூறும். ஆவுடையப்பன் எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சஃபாரி சட்டைக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எண்ணி முடித்ததும் ஆவுடையப்பன் பீரோவைத் திறந்து பத்திரத்தையும் அந்தத் தாளையும் மேஜையில் வைத்தார். பேச்சிராஜா கையை நீட்டினான். வேல்விழி அவன் கையை ஒதுக்கிவிட்டுத் தானே எடுத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, முத்திரையைத் தடவிப் பார்த்து, தாளை நாலாகக் கிழித்துப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லது தாயி" என்றார் ஆவுடையப்பன். "நம்ம எடம்தான் இது. அவசரம்னா கூச்சப்படாம எப்பம் வேணும்னாலும் வாங்க."

வேல்விழி எழுந்தாள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து இறங்கினாலும், பிடிக்காத இடமானாலும், வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். வேறு விதமாகச் சொன்னால் சாவு வீடு என்று அர்த்தம். அவள் வாசல்வரை போய், திரும்பி, மரியாதையாகக் கைகூப்பினாள்.

"போறேன் அண்ணாச்சி" என்றாள்.