கான் வெட்ட வேண்டிய ஞாயிறு

கருங்கல்லில் மண்வெட்டி உரசுகிற அந்தச் சத்தம்... பல் கூசிப்போகும். மழைக்காலம் நெருங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்தோடுதான் விடியும்.

ஒரே வரிசையாக வீடுகள் ஒட்டிக் கிடக்கும் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மலைச்சரிவு. சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓட ஒரு கான். கானில் மண் அடைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் சரிவு ஊறி இளகிவிடும். அதனால் வருஷா வருஷம் தோட்டமே சேர்ந்து மண்ணை அள்ளி அதை வெட்டிவிடும்.

வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். ஆள் இல்லாத வீட்டிலிருந்து ரொட்டியும் தேத்தண்ணீரும் வந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடைசிக் காம்பரா வீட்டில் செல்வராணி அக்கா தனியாக இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். அவர் ரொட்டி அனுப்பியதே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் மண்வெட்டியோடு வந்து நிற்பார். சரிவு அவர் வீட்டுப் பக்கம்தான் அதிகமாகச் சாய்ந்திருந்தது.

இதெல்லாம் இன்றைக்கு ஏன் ஞாபகம் வந்தது என்றால்...

காலையில் கொழும்பில் இருக்கிற நண்பன் ஒரு லிங்க் அனுப்பினான். சமூகத்துக்கு உதவ உங்கள் பகுதியில் இருக்கும் வாய்ப்புகளைத் தேடுங்கள் என்று போட்டிருந்தது. கூடவே, உன் ஊர் ஹட்டன் பக்கம் நல்ல இடமாகப் பார்த்துச் சொல்லு, ஆபீஸ் ஆட்களோடு ஒரு ஞாயிறு வந்து ஏதாவது செய்துவிட்டுப் போகிறோம் என்று அவன் எழுதியிருந்தான்.

ஏதாவது!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அப்படி ஏதாவது செய்ய வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது ஏ/எல் பரீட்சை எழுதிவிட்டு எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அதன் சுவருக்குப் படம் வரைந்து தர வாலண்டியர்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். வேன் வந்து நின்றது சரியாகக் கான் வெட்ட வேண்டிய ஞாயிறு. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட்.

தோட்டத் தலைவர் கான் வேலையை அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்கு ஒரு ஆள் என்பது மட்டும் மாறவில்லை. ஒருவர் தோரணம் கட்டினார், ஒருவர் தப்பு அடித்தார், இன்னொருவர் பெயின்ட் கலக்கத் தண்ணீர் தூக்கினார். பெண்கள் விடியற்காலையிலிருந்து விறகடுப்பில் கோழி சமைத்தார்கள். உதவி செய்ய வந்தவர்களுக்கு உதவி செய்தே ஒரு தோட்டம் களைத்துப்போனது. அவர்கள் சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்துகொண்டிருந்தார்கள்.

செல்வராணி அக்கா மட்டும் தோரணம் பக்கமே போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீதான் நல்லா சிங்களம் பேசுவியே. அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லு. செவுரு எங்கயும் ஓடிறாது. நாலு பேரு லயத்துக்குப் பின்னால வந்து மண்ண அள்ளட்டும்."

சொன்னேன். பொறுப்பாக வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பின்னால் வந்து கானை எட்டிப் பார்த்தார், போட்டோகூட எடுத்தார். ஆனால் இன்றைய வேலையில் அது இல்லையாம். பொழுது சாய்வதற்குள் பெயின்ட் வேலை முடிய வேண்டுமாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கானுக்குள் இறங்கினாள். செல்வராணி அக்காவின் மண்வெட்டியை வாங்கி வெட்டவும் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் எங்கள் தலைவர் ஓடி வந்தார். பதறிப்போய் அவள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"வந்த புள்ளைய மண்ணள்ள விட்டா தோட்டத்து மானம் என்னாகுறது?"

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அவர்கள் மேலா, எங்கள் ஆட்கள் மேலா என்று கேட்டால்... இரண்டு பேர் மேலும்தான். ஒரு நாளும் யாரும் எட்டிப் பார்க்காத லயத்துக்கு நாலு பேர் வந்துவிட்டால் எங்களுக்குத் தலைகால் புரியாது. இருப்பதை எல்லாம் எடுத்து வைப்போம். நமக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்பதைத்தான் கௌரவக் குறைச்சல் என்று நினைப்போம்.

மழை அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கவில்லை. நடுவிலேயே வந்தது. ஒரு பகல் நேரம், மழையில் மலையிலிருந்து சீக்கிரம் இறங்கி வந்த செல்வராணி அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது சரிவு இறங்கியது. பின்சுவர் அவர் கால் மேல் விழுந்தது. தோரணம் கட்டிய அதே ஆட்கள்தான் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி அவரை வெளியே எடுத்தார்கள். உயிர் தப்பினார். கால் எலும்பு சரியாகக் கூடவில்லை. அதன் பிறகு அவர் கொழுந்து பறிக்க மலை ஏறவே இல்லை.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. இளசுகள் எல்லாம் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள், பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் சிரிப்பும் கிண்டலுமாக வெட்டிய கான் மண் மூடிப் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தச் சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டு செல்வராணி அக்கா அதே காம்பராவில்தான் இருக்கிறார். வேறு எங்கே போவார்? ஸ்டூலில் உட்கார்ந்து தகரத் துண்டால் கானைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏன் அக்கா இந்த வேலை என்று கேட்டேன்.

"கை எட்டுற வரைக்கும் அள்ளுறேன் தங்கச்சி. மிச்சத்துக்கு யாரு இருக்கா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த லிங்க் முழுக்கத் தேடிப் பார்த்தேன். மரம் நடலாம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கலாம். கான் வெட்டுவது எங்கேயும் இல்லை.

நண்பனுக்கு நானே எழுதினேன். இடம் பார்த்துவிட்டேன், மண்வெட்டியோடு வா, சோறு கட்டிக்கொண்டு வா, மாலை மரியாதை எதுவும் கிடையாது என்று.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"மழை கிழை பெய்யுமா?"

"பெய்யும். அதுக்குத்தான் கூப்பிடுறேன்."