வேரோடும் பூவோடும் ஒரு கரிசலாங்கண்ணி

என் பேத்தி டாக்டர். ஆனால் ஊசி போடத் தெரியாது. செடிகொடியில் என்ன மருந்து இருக்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கியவள். வாங்கிய பிறகும் திருச்சியில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். "படிச்சு முடிச்சப்பறமும் எதுக்குடி படிக்கிற? பாஸாகலையா?" என்று கேட்டால் முறைப்பாள்.

முசிறிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணி பறித்து வந்து, நிழலில் உலர்த்திப் பொடித்து, சாறு இறக்கி, மாதக்கணக்கில் பாடுபட்டாள். இந்தப் படிப்பில் ஒரு சட்டம் உண்டு. இலை எடுத்த இடத்திலிருந்தே வேரும் பூவுமாக ஒரு முழுச் செடியைப் பேப்பருக்குள் அழுத்திக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளைப் பூ ஜாதியா, மஞ்சளா என்று பார்த்துப் பெரிய வாத்தியார் கையெழுத்துப் போட்டால்தான் செய்த வேலை செல்லும். இவள் முதலில் வைத்திருந்த செடி மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது. வேறு கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாய்க்காலை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவருக்குப் போன் போட்டு, கரிசலாங்கண்ணி வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அந்த வாய்க்காலைத் தூர்வார மெஷின் வருகிறதாம்.

"இன்னைக்கே வாங்க பாப்பா, நானே எடுத்து வைக்கிறேன்" என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து துணைக்கு நானும் கிளம்பினேன்.

நாங்கள் போனபோது மனுஷர் கரையில் சிரித்த முகமாக நின்றார். கையில் வாழைநாரில் கட்டிய கட்டு. வேரை நறுக்கி, பூவைக் கிள்ளி, மண் போக அலசி, அப்படியே பொரியலுக்கு ஆகும்!

"பூவெல்லாம் எங்கண்ணே?" பேத்தி கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"பூவோட எப்படிங்க சமைப்பீங்க? ஒண்ணு விடாம கிள்ளிட்டேன். கரையில இருந்ததே இவ்வளவுதான்."

"தேங்காயும் திருவி வச்சிருக்கீங்களா தம்பி?" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேத்தி அவரை ஒரு சொல் சொல்லவில்லை. சுடிதாரை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"சேறுடி! விழுந்து வைக்காத."

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன் அப்பாயி. ஒண்ணு கூடவா இல்லாமப் போகும்?"

அவள் ஒரு கரை, அவர் எதிர்க்கரை. வெயில் சாயும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் மதகுக் கல் இடுக்கில் ஒரு செடி, வெள்ளைப் பூவோடு. பிடுங்கவில்லை அவள். வேர் அறாமல் வர வேண்டுமே, விரலாலேயே மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். முழுசாக வந்தது.

பேப்பருக்குள் விரித்து, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்தாள். "வீட்டுக்குப் போறதுக்குள்ள சுருங்கிடும். மேல வைக்கக் கனமா ஏதாவது வேணுமே."

"ஏன், நான் இல்லையா?"

பஸ்ஸில் சீட்டில் அட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன ஆயா, மெத்தையா?"

"ஆராய்ச்சி பண்றேன் தம்பி. டிக்கெட்டக் குடு."

"அசையாதீங்க அப்பாயி, பூ நகர்ந்துடும்" என்று பல்லைக் கடித்தாள் பேத்தி.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை, கால் மரத்தும், நான் அசையவில்லை. பூ இதழ் கலையாமல் காய்ந்தது. வாத்தியார் கையெழுத்தும் போட்டார்.